படத்துக்கும் ஒரு பாயிரம்

சென்ற மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், இஷாத் தொழுகை முடிந்த பின்னர், சாய்ந்தமருதில் உள்ள நம் பழைய நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். இராச் சாப்பாடு முடிந்தது. பெரியவர்கள் நாற்காலிகளிலும் பிள்ளைகள் பன்பாயிலுமாக அமர்ந்திருக்க, கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைப் படத்தை ஓடவிட்டார்கள். இசை எழுந்தது, எழுத்துக்கள் தோன்றின. நாம் இரண்டு பெயர்களைத்தான் வாசித்திருப்போம். நண்பரின் மூத்த மகன் கையிலிருந்த கருவியை ஓர் அழுத்து அழுத்தினான். எழுத்துக்கள் ஓடி மறைந்தன. கதாநாயகன் பஸ்ஸைத் தவறவிட்டு அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

"ஏன் மகன், அதைப் பார்க்க விடவில்லை?" என்றோம்.

"அது வெறும் பேர்தானே மாமா! படம் இனித்தான்" என்றான் அவன்.

அவ்விளைஞன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவன். காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, கைத்தொலைபேசியிலேயே எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருந்தான். நான்கு இளைஞர் ஒரே சைக்கிளில் ஒரு கலியாண வீட்டிற்குப் புறப்பட்டு, நான்கு சண்டைகளுக்குப் பின் நடந்தே போய்ச் சேரும் கதை அது. பெரிய படம் முடிந்ததும், தன் படத்தையும் நமக்குக் காட்டினான்.

முதலில் திரை கறுத்தது. இடி முழங்கியது. பொன்னிற எழுத்தில் அவன் பெயர், ‘கதை’ என்ற சொல்லோடு வந்தது. மறுபடி இடி, மறுபடி அதே பெயர், ‘திரைக்கதை’ என்று. மூன்றாம் இடி, ‘வசனம்’. நான்காம் இடி, ‘இயக்கம்’. நான்கு முறை இடித்தும் மழைதான் வரவில்லை. அதன் பிறகு நான்கு நடிகர்களின் பெயர்கள் ஒரே வரியில் ஓடின. அவ்வளவே.

படம் நன்றாகவே இருந்தது. சிரித்தோம். ஆனால் சிரிக்கும் இடங்களில் நாம் ஒன்றைக் கவனித்தோம். அறை வாயிற்சீலையின் அருகே நின்றிருந்தாள், சாதாரணதர வகுப்பில் படிக்கும் அவன் தங்கை. நடிகனின் வாயிலிருந்து வசனம் வெளிவருமுன்னரே அவள் உதடுகள் அதனை உச்சரித்து முடித்துவிட்டன.

தேநீர் கொண்டுவந்தபோது அவள் தாயார்தாம் உண்மையைச் சொன்னார்: "பேச்செல்லாம் இவள் எழுதினதுதான்."

இளைஞன் தலை குனிந்தான். "பொம்புளப் புள்ளைட பேரைத் திரையில போட்டா ஊருல ஏதும் சொல்லுவாங்களோ என்றுதான் மாமா..." என்று இழுத்தான்.

"அவளிடம் கேட்டாயா?"

அவன் கேட்கவில்லை. வேறு எவரும் கேட்டிருக்கவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியபின் நமக்கு உறக்கம் வரவில்லை. ‘வெறும் பேர்தானே’ என்ற அச்சொல் நெஞ்சில் தைத்தது. இளைஞர்கள் ‘டைட்டில்’ என்று குறிப்பிடும் அந்த முகப்புக் காட்சி எதற்காக இருக்கிறது? அதிலும், இளமைக் குறும்பை எடுத்துக்கூறும் நகைச்சுவைப் படங்களில் அதற்கென ஒரு தனி வேலை உண்டோ? இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

பவணந்தியார் வகுத்த முகப்பு

இந்த ஆராய்ச்சிக்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூலின் முகப்பில் நிற்க வேண்டியவை யாவை என்று வகுத்துவைத்துள்ளார். அதற்குப் பாயிரம் என்று பெயர். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது அவர் கொள்கை.

அந்தப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும்: செய்தவன் யார், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, அதன் பெயர் என்ன, எவ்வாறு யாக்கப்பட்டது, கருதிய பொருள் யாது, கேட்பதற்கு உரியவர் யார், கேட்டதனால் உண்டாகும் பயன் என்ன. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் படத்தின் முகப்பையும் பாருங்கள். நல்ல முகப்பில் இவற்றுள் பெரும்பாலானவை ஒரு நிமிடத்திற்குள் வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

நன்னூல் இன்னொன்றும் கூறுகிறது. நூல் செய்தவன் தன் பெருமையைத் தானே பாடிக்கொள்வது முறையன்று. ஆகவே சிறப்புப் பாயிரத்தை அவனுடைய ஆசிரியன் பாடலாம், மாணாக்கன் பாடலாம், உரைகாரன் பாடலாம், அவனோடு கூடப் படித்தவனும் பாடலாம். கூடப் படித்தவன்! பள்ளித் தோழர்கள் சேர்ந்து எடுக்கும் படத்திற்கு இதனினும் பொருத்தமான விதி வேறு உண்டோ?

நம் கிழக்கிலங்கைக் கூத்துக்களும் இந்நெறியையே பின்பற்றின. வடமோடியிலும் தென்மோடியிலும் எந்த அரசனும் களரியில் திடீரெனக் குதித்துவிடுவதில்லை. கட்டியகாரன் வந்து கட்டியம் கூறுவான். பின்னர் வரவுப் பாட்டும் வரவாட்டமும் நடைபெறும். வருபவன் சினத்தவனா, செருக்கனா, கோமாளியா என்பதை அவன் வாய் திறக்குமுன்னரே மத்தளமும் கால்களும் சொல்லிவிடும். விடிய விடிய இருக்க வந்த சனங்கள் வரவாட்டத்தை, ‘இது கூத்தல்ல, கூத்து இனித்தான்’ என்று தள்ளியதில்லை.

திரைச்சீலையில் விழுந்த பெயர்கள்

திரைப்படம் அந்த மரியாதையைப் பெறச் சிறிது காலம் எடுத்தது. கல்முனையில் படமாளிகை திரை விரித்திருந்த நாட்களைக் கண்ட மூத்தோரைக் கேட்டால் சொல்லுவார்கள்: பெயர்கள் ஓடும் நேரம் என்பது இடம் தேடும் நேரம், பிந்தி வந்தவர்கள் ‘டோர்ச்’ வெளிச்சத்தில் பிறர் காலை மிதித்துக்கொண்டு போகும் நேரம்.

அமெரிக்காவிலும் நிலைமை இதனைவிட மேலாக இருந்ததில்லை. அங்கே பல மாளிகைகளில் பெயர்கள் ஓடும்போது திரைச்சீலைகூட முழுதாக விலகியிராது. பெயர்கள் சீலையின் மடிப்புகளில் விழுந்து நெளியும். 1955ஆம் ஆண்டில் ஓட்டோ பிரெமிஞ்சர் ‘த மேன் வித் த கோல்டன் ஆம்’ என்னும் படத்தை வெளியிட்டபோது, பெயர்கள் தொடங்குமுன் சீலையை விலக்குமாறு படப்பெட்டிகளின்மேல் குறிப்பு எழுதி அனுப்பினார். அம்முகப்பை அமைத்தவர் சோல் பாஸ் என்னும் சித்திரக்காரர். கறுப்புத் திரையில் வெண்பட்டைகள் நகர்ந்து, முடிவில் கோணல்மாணலாக வெட்டிய கடதாசிக் கையொன்றாக மாறும். போதைக்கு அடிமையான ஒருவனின் கதை அது என்பதை அந்தக் கையே உணர்த்திவிட்டது. அன்றிலிருந்து முகப்பு என்பது ஒரு கலையாகப் பேசப்படலாயிற்று.

ஆனால் நம் கரையோர வீடுகளில் காதுக்கும் ஒரு முகப்பு இருந்தது. படமாளிகைக்குச் செல்ல வழியில்லாத பெண்கள் வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ கேட்டுப் படங்களை அறிந்தார்கள். பாட்டு ஒன்றை ஒலிபரப்புமுன் படத்தின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று ஒவ்வொருவரையும் தெளிவாகச் சொல்லிவிடுவது இலங்கை வானொலியின் வழக்கம். எஸ். பி. மயில்வாகனன், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களில் அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டே, ஒரு படத்தையும் கண்ணால் காணாத தாய்மார்கூடப் பாடலாசிரியர்களின் பெயர்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். பெயரைக் கேட்டபின் பாட்டைக் கேட்பது அவர்களுக்குப் பழக்கமாயிற்று.

இளமைப் படங்களின் வாசல்

இனி இளமை நகைச்சுவைப் படங்களுக்கு வருவோம். அத்தகைய படத்தின் முகப்பிற்கு ஒரு முதன்மையான கடமை உண்டு. பார்ப்பவனுக்குச் சிரிக்க அனுமதி அளிப்பதுதான் அது. ‘இங்கே சண்டை வரும், கண்ணீரும் வரும், ஆயினும் அஞ்சவேண்டாம், இது விளையாட்டுப் பருவத்தின் கதை’ என்ற உறுதியை முதல் நிமிடத்தில் கொடுத்துவிட வேண்டும். இடி முழக்கத்தோடு தொடங்கிய நம் இளைஞனின் படத்தில் முதல் இரண்டு நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை. காரணம் இதுவே. கொலை நடக்கப்போகிறது என்று நாம் காத்திருந்தோம்!

1973ஆம் ஆண்டில் ஜோர்ஜ் லூகாஸ் எடுத்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். காட்சி தோன்றுமுன் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகும் ஓசை கேட்கிறது. பின்னர் அந்தி நேரத்து உணவுச்சாலையொன்று. அதன் முன்னால் மோட்டார் வண்டிகள். உடன் எழுவது பில் ஹேலி குழுவினரின் துள்ளிசைப் பாட்டு. 1962ஆம் ஆண்டின் ஓர் இரவில், பள்ளி முடித்த இளைஞர் சிலர் ஊரைச் சுற்றுவதுதான் கதை. காலம் எது, களம் எது, கேட்போர் யார் என்னும் மூன்றையும் அந்த ஓசையும் ஒளியுமே சொல்லிவிட்டன.

2004ஆம் ஆண்டில் வந்த ‘நெப்போலியன் டைனமைட்’ இன்னும் வேடிக்கையானது. ஜாரெட் ஹெஸ் என்ற இளைஞர், தாம் படித்த பள்ளி உள்ள பிரெஸ்டன் என்னும் சிற்றூருக்கே சென்று, சுமார் 4 இலட்சம் டொலரில் எடுத்த படம் அது. அந்நாட்டுக் கணக்கில் இது மிகச் சிறிய தொகை. அதன் முகப்பில் பெரிய சித்திர வேலை எதுவும் இல்லை. இரண்டு கைகள் தட்டுக்களையும் பொருள்களையும் ஒவ்வொன்றாக வைக்கின்றன, எடுக்கின்றன. தட்டில் பள்ளிப் பிள்ளைகள் உண்ணும் எளிய உணவு. அதன்மேல் குழம்பாலும் கூட்டாலும் எழுதியதுபோல் ஒரு பெயர். இடையில் ஒரு மாணவ அடையாள அட்டையும் வருகிறது. படத்தில் உள்ளோரின் உடைகளும் பொருள்களும் 1980களை நினைவூட்டுவன. ஆகவே கதை எக்காலத்தது என்ற மயக்கம் எழுவது இயல்பு. அட்டையில் உள்ள ஆண்டு அம்மயக்கத்தைத் தீர்த்துவைக்கிறது. பணமில்லாத இடத்தில் சமையலறையே அச்சுக்கூடமாயிற்று என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க.

2007இல் வந்த ‘ஜூனோ’ படத்தின் முகப்பு கைத்தொழிலின் அருமைக்கு ஒரு சான்று. பதின்வயதுப் பெண்ணொருத்தி எதிர்பாராது கருவுறுவதே கதை. வேடிக்கையாகச் சொல்லினும் பாரமான பொருள். கரெத் ஸ்மித், ஜென்னி லீ என்னும் இருவர் அமைத்த முகப்பில், அப்பெண் கையில் ஒரு பழரசப் புட்டியோடு தெருத்தெருவாக நடக்கிறாள். நடித்தவரை நடக்கவைத்துப் படம் பிடித்து, நூற்றுக்கணக்கான படங்களை அச்சிட்டு, பிரதிக்குமேல் பிரதி எடுத்து மங்கச் செய்து, ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் வெட்டி, மீண்டும் கோத்து அசையவைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளிச் சிறுமியின் கொப்பியில் ஒட்டிய படங்கள் எழுந்து நடப்பதுபோல் இருக்கும். இவள் இன்னும் குழந்தை என்பதை அந்தக் கடதாசி நடை நம் மனத்தில் முதலிலேயே பதித்துவிடுவதால், பின்னர் வருவனவற்றைப் பார்க்கும்போது அவளை வெறுக்கத் தோன்றாது.

அதே ஆண்டில் வந்த ‘சூப்பர்பேட்’ நம் குடும்பக் கூடங்களில் போடத் தக்க படமன்று. அதன் பேச்சு கொச்சையானது. ஆயினும் முகப்பை மட்டும் தனியே பேசலாம். நிறம் மாறும் திரையில் இரண்டு நண்பர்களின் நிழலுருவங்கள் ஆடுகின்றன. ஒருவன் பருத்தவன், மற்றவன் மெலிந்தவன். இருவருக்கும் ஆட்டம் வரவில்லை. ஆனால் கூச்சமும் இல்லை. பள்ளி முடிந்து பிரியப்போகும் தோழர்களின் கதைக்கு இதனினும் சுருங்கிய பாயிரம் எழுத இயலாது. இதை எழுதிய சேத் ரோகன், எவன் கோல்ட்பேர்க் என்னும் இருவரும் தமது 13ஆம் வயதில் எழுதத் தொடங்கினர் என்பதும், கதையின் இரு நண்பர்களுக்கும் சேத், எவன் என்று தம் பெயர்களையே வைத்தனர் என்பதும் அறியத்தக்கன. முகப்பில் வந்த பெயர்களை வாசித்தவன் மட்டுமே அந்தச் சிறு குறும்பைக் கண்டுபிடிப்பான்.

ஓஹோ என்ற பெயர்

தமிழில் இவ்வகைப் படங்களுக்கெல்லாம் மூத்த காக்காவாக நிற்பது 1964ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’. ஸ்ரீதர் இயக்கிய அப்படத்தில் நாகேஷ் ஏற்ற செல்லப்பா என்னும் பாத்திரத்தை எவர் மறப்பார்! அவன் கையில் படச்சுருள் இல்லை, பணம் இல்லை, கதையும் பாதிதான். ஆனால் நிறுவனத்தின் பெயர்மட்டும் முன்கூட்டியே தயார்: ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’. படம் இல்லாமலே முகப்பை எழுதிவிட்டவன் செல்லப்பா! பாலையாவை நடுங்கவைத்து அவன் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பார்த்து நாம் இன்றும் சிரிக்கிறோம். முகப்பு மோகத்தைப் பற்றித் தமிழ்ப்படம் செய்த முதற்பெரும் பரிகாசம் அதுவே எனலாம்.

அதே படத்தின் உண்மையான பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். ஈஸ்ட்மன் கலரில் அந்த வண்ணங்களைப் பிடித்தவர் ஏ. வின்சென்ட். கதையில் ஸ்ரீதரோடு தோள்கொடுத்தவர் கோபு. ஸ்ரீதரின் ‘சித்ராலயா’ நிறுவனத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, காலம் முழுவதும் அவர் ‘சித்ராலயா கோபு’ என்றே அறியப்பட்டார். படம் தெலுங்கிலும், 1966இல் ‘ப்யார் கியே ஜா’ என்று ஹிந்தியிலும் மறுபிறவி எடுத்தது. பவணந்தியார் ‘வழி’ என்று சொன்னது இதைத்தான். எந்த ஊற்றிலிருந்து நீர் வந்தது என்று முகப்பில் சொல்லிவிடுவது நாணயம்.

பிற்காலத்தில் வெங்கட் பிரபு முகப்பிலேயே நகையாடக் கற்றார். ‘இன்னாரின் படம்’ என்று போடும் இடத்தில், ‘கோவா’வுக்கு (2010) ‘வெங்கட் பிரபுவின் விடுமுறை’ என்றும், ‘மங்காத்தா’வுக்கு (2011) ‘ஆட்டம்’ என்றும், ‘பிரியாணி’க்கு (2013) ‘பத்தியம்’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் போட்டார். பிரியாணியைப் பத்தியம் என்று சொன்னதை நம் கரையோர வாசகர்கள் ஒருபோதும் ஏற்கமாட்டார்கள்! ஆயினும் நுதலிய பொருளை ஒரே சொல்லில் முடித்துவிட்ட சாமர்த்தியத்தை மெச்சவேண்டும்.

நம் நாட்டிலும் ஓர் அரிய உதாரணம் உண்டு. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் வானொலித் தொடர் நாடகம், 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாயிற்று. அதில் மரிக்காராக வந்தவர் ராமதாஸ். அப்புக்குட்டியாக வந்தவர் ராஜகோபால். உபாலியாக வந்தவர் செல்வசேகரன். படம் ஓடி முடிந்த பின்னரும் அப்பெயர்கள் அவர்களைவிட்டு நீங்கவில்லை. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே ஊர் அழைத்தது. முஸ்லிமின் பெயரைத் தமிழரும், சிங்களவரின் பெயரை மற்றொரு தமிழரும் அன்போடு சுமந்து திரிந்தார்கள். ரசிகர்கள் தாமே எழுதிக் கொடுத்த முகப்பு அது. எந்தக் கருவியாலும் அதனைக் கடந்து செல்ல இயலாது.

கடந்து செல்லும் பொத்தான்

பழைய படங்களில் எல்லாப் பெயர்களும் தொடக்கத்திலேயே வந்துவிடும். முடிவில் ‘வணக்கம்’ அல்லது ‘சுபம்’ மட்டுமே. காலப்போக்கில் தொழிலாளர் பெயர்கள் மிகுந்து, பெரும்பகுதி படத்தின் இறுதிக்குத் தள்ளப்பட்டது. அங்கே நாம் எழுந்து செருப்பைத் தேடுகிறோம். தொடக்கத்தில் எஞ்சியிருந்ததையும் தாண்டிச் செல்ல, 2017ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு பொத்தானை வைத்தது. ஒரு சாதாரண நாளில் அது 13 கோடியே 60 இலட்சம் முறை அழுத்தப்படுவதாகவும், அதனால் மக்களுக்கு 195 ஆண்டு நேரம் மீதமாவதாகவும் அந்நிறுவனமே 2022இல் அறிவித்தது.

ஒரே நாளில் 195 ஆண்டுகள்! மீதமான அந்த நேரத்தை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை. ஒரே தொடரின் பத்துப் பகுதிகளை ஓரிரவில் பார்ப்பவன் ஒவ்வொரு முறையும் முகப்பைப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். முதல் முறையேனும் பார்க்கலாமே என்றுதான் சொல்லுகிறோம். கலியாண வீட்டில் சகனைச் சுற்றி உட்கார்ந்து வயிறார உண்டபின், ஆக்கியவர் யாரென்று விசாரிக்காமல் எழுந்து வருவோர் நம் ஊரில் குறைவு. படத்திற்குமட்டும் அந்த முறை வேண்டாமா?

பார்ப்பவன் பெயரைத் தாண்டுவது ஒரு குறை. ஆக்கியவனே பெயரை விட்டுவிடுவது அதனினும் பெரிய குறை. இடியோசையை மாற்றுவது எளிது; விட்டுப்போன பெயருக்கு மாற்று இல்லை.

சுளகில் எழுதிய பெயர்கள்

மறுநாள் காலையில் அவ்விளைஞனை அழைத்து இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். "பேரைப் போடுவதா விடுவதா என்பதை நீ முடிவு செய்யாதே, மகன். நாமும் முடிவு செய்யமாட்டோம். எழுதினவளிடம் கேள்" என்று முடித்தோம். இதே சாய்ந்தமருதிலிருந்து ‘அனார்’ என்னும் புனைபெயரில் எழுதும் கவிஞரையும், 2007இல் வெளிவந்த அவருடைய ‘எனக்குக் கவிதை முகம்’ என்ற தொகுதியையும் அவன் தங்கைக்கு நினைவூட்டுமாறு கூறினோம். சொந்தப் பெயர் வேண்டுமெனில் சொந்தப் பெயர். புனைபெயர் வேண்டுமெனில் புனைபெயர். ஒன்றும் வேண்டாமெனில் அதுவும் அவள் உரிமை. ஆனால் கேள்வி அவளிடம் போக வேண்டும்.

மூன்று வாரங்கள் சென்றன. சென்ற வெள்ளிக்கிழமை மீண்டும் அவர்கள் இல்லத்திற்கு அழைத்தார்கள்.

இம்முறை இடி இல்லை. சைக்கிள் மணி ஒன்று ‘கிணிங்’ என்றது. திரையில் ஒரு சுளகு. சுளகு நிறைய அரிசி மா. ஒரு விரல் மாவில் படத்தின் பெயரை எழுதியது. சுளகை ஓர் ஆட்டு ஆட்டியதும் எழுத்து அழிந்தது, மீண்டும் மணி, மீண்டும் விரல். நடித்த நால்வரின் பெயர்கள் தனித்தனியே வந்தன. பாண்டிருப்பிலிருந்து வந்து ஒலியைப் பார்த்துக்கொண்ட நண்பனின் பெயர் வந்தது. ‘சைக்கிள் தந்தவர்’ என்று ஒரு பெயர் வந்தது, கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் நாம் படத்திற்குள் நுழைந்தோம். இயக்கியவன் பெயர் ஒரே ஒருமுறை, சிறிதாக வந்தது.

அத்தனை பெயர்களையும் எழுதியது ஒரே விரல்தான். கடைசியாக அவ்விரல் ‘வசனம்’ என்று எழுதிச் சற்றே நின்றது. பிறகு அதன் கீழே தன் பெயரை எழுதியது. சொந்தப் பெயரா, புனைபெயரா என்பதை இங்கே கூறமாட்டோம்; அது அவளுடைய பாயிரம். இம்முறை சுளகு ஆடவில்லை. அந்தப் பெயர் அழியாமலே இருக்க, படம் தொடங்கியது.

நாம் நண்பரின் முகத்தைப் பார்த்தோம். அதிகம் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. எட்டு நிமிடமும் அசையாதிருந்தார். முடிந்ததும் மகன் அடுத்த படத்தைத் தேடத் தொடங்கினான்.

"அது கிடக்கட்டும் மகன்" என்றார் அவர். "இதையே இன்னொரு தரம் போடு. முதலிலிருந்து போடு."